ஏழைகளின் வழக்கறிஞர், அரசின் வழக்கறிஞர்: தர்குட் மார்ஷலின் வாழ்வு தரும் சிந்தனை



யாக்கோபு தமது திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு தொழுகைக்கூடத்தை நம் கண்முன் நிறுத்துகிறார். பொன் மோதிரமும் பகட்டான உடையும் அணிந்த ஒருவர் உள்ளே நுழைகிறார். அவருக்கு நல்ல இருக்கை கிடைக்கிறது. அவர் பின்னாலேயே அழுக்கு உடையோடு ஓர் ஏழை வருகிறார். அவரை நிற்கச் சொல்கிறார்கள், அல்லது கால்மாட்டில் தரையில் உட்காரச் சொல்கிறார்கள் (யாக் 2:1-4). இப்படி ஆள்பார்த்து நடத்துவது நம் ஆண்டவர்மீது நாம் கொண்டுள்ள நம்பிக்கைக்கே பொருந்தாது என்று யாக்கோபு கண்டிக்கிறார். யார் எங்கே உட்காருவது என்பது வெளிப்பார்வைக்குச் சிறிய காரியம். ஆனால் ஒரு மனிதரை நாம் கடவுளின் சாயலாகப் பார்க்கிறோமா இல்லையா என்பதை அந்த இருக்கை காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இந்த இருக்கைப் பிரச்சினையையே தம் வாழ்நாள் வழக்காக எடுத்துக்கொண்டவர் ஐக்கிய அமெரிக்க நாட்டைச் சேர்ந்த தர்குட் மார்ஷல் (1908 - 1993). ஏறக்குறைய 25 ஆண்டுகள் அவர் அரசுகளுக்கு எதிராக நீதிமன்றங்களில் நின்றார். அதன்பின் அந்த நாட்டு அரசுக்கே வழக்கறிஞரானார். இறுதியில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக 24 ஆண்டுகள் பணியாற்றினார். மக்களுக்காகப் போராடிய ஒருவர் அரசுப் பதவிக்குப் போய்விட்டால், அவர் விலைபோய்விட்டார் என்று நாம் எளிதாகப் பேசிவிடுகிறோம். சில நேரங்களில் அது உண்மையாகவும் இருக்கிறது. மார்ஷலின் வாழ்வில் அது உண்மையா? இந்தக் கேள்வியோடு அவருடைய வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்போம்.

வீட்டில் கற்ற பாடம்

1908ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில் அவர் பிறந்தார். அவருடைய முன்னோர் அடிமைகளாக இருந்தவர்கள். தந்தை வில்லியம் இரயிலின் உணவுப் பெட்டியில் பரிமாறுபவராக வேலை செய்தார். பிற்காலத்தில் வெள்ளையருக்கான ஒரு கிளப்பில் பணியாளர்களின் மேற்பார்வையாளராக இருந்தார். தாய் நோர்மா கறுப்பினக் குழந்தைகளுக்கான பள்ளியில் ஆசிரியை. வெள்ளை ஆசிரியர்கள் செய்த அதே வேலையைச் செய்தும், மேரிலாந்தின் கறுப்பின ஆசிரியர்கள் மிகக் குறைந்த சம்பளமே பெற்றார்கள். அது சட்டப்படியான நடைமுறையாகவே இருந்தது.

தந்தை பெரிய படிப்புப் படித்தவரல்லர். ஆனால் ஓய்வு நாள்களில் நீதிமன்றத்துக்குப் போய் வழக்குகளைக் கேட்பது அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு. மகன்களையும் கூட்டிக்கொண்டு போவார். இரவு உணவின்போது பிள்ளைகள் எதைச் சொன்னாலும் அதற்குக் காரணம் கேட்பார், ஆதாரம் கேட்பார். வழக்கறிஞராகு என்று அவர் மகனுக்குச் சொன்னதே இல்லை. ஆனால் அப்படி ஆக்கியது அவர்தான் என்று மார்ஷல் பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். சிறுவன் தர்குட் சேட்டைக்காரன். தண்டனையாக அவரைப் பள்ளியின் நிலவறைக்கு அனுப்பி, நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தை மனப்பாடம் செய்ய வைத்தார்கள். பள்ளியை விட்டுப் போவதற்குள் அந்தச் சட்டம் முழுவதும் தமக்கு மனப்பாடம் ஆகிவிட்டது என்று அவர் சொல்வதுண்டு. எல்லாரும் சமம் என்று எழுதியிருந்த அந்தச் சட்டத்துக்கும், வெளியே தெருவில் தாம் கண்டதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை அந்த வயதிலேயே அவர் கவனித்தார்.

மூடியிருந்த கதவு

பென்சில்வேனியாவின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் 1930இல் பட்டம் பெற்றபின் அவர் சட்டம் படிக்க விரும்பினார். சொந்த ஊரிலேயே மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி இருந்தது. ஆனால் கறுப்பினத்தவருக்கு அங்கே இடம் இல்லை. எனவே ஒவ்வொரு நாளும் அதிகாலையில் இரயிலேறி, வாஷிங்டனில் இருந்த ஹோவர்ட் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்தார். கல்லூரிக் கட்டணத்துக்காகத் தாய் தம் திருமண மோதிரத்தையும் நிச்சயதார்த்த மோதிரத்தையும் அடகு வைத்தார். தாலியை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்கவைத்த தாய்மார்களை அறிந்த நமக்கு இது எவ்வளவு பெரிய தியாகம் என்பது புரியும்.

ஹோவர்டில் அவருக்குக் கிடைத்த ஆசிரியர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். சமூகத்தைச் சீர்செய்யும் பொறியாளராக இல்லாத வழக்கறிஞர் சமூகத்தை உறிஞ்சும் ஒட்டுண்ணியாகத்தான் இருப்பார் என்பது அவருடைய போதனை. நீதிமன்றத்தில் கறுப்பின வழக்கறிஞர் செய்யும் சிறு தவறையும் எதிரிகள் பிடித்துக்கொள்வார்கள், ஆகவே மற்றவர்களைவிட இருமடங்கு உழைக்க வேண்டும் என்று மாணவர்களைக் கடுமையாகப் பயிற்றுவித்தார். மார்ஷல் 1933இல் வகுப்பில் முதல் மாணவராகத் தேர்ச்சி பெற்றார்.

பால்டிமோரில் சிறிய அலுவலகம் ஒன்றைத் திறந்தார். கடுமையான பொருளாதார மந்தநிலை நிலவிய காலம் அது. வந்தவர்களில் பலரிடம் கொடுப்பதற்குப் பணம் இல்லை. ஏழைகள் அவரைத் தேடி வந்தார்கள், வருமானம்தான் வரவில்லை. அந்த நாள்களில்தான் டொனால்டு மர்ரே என்ற பட்டதாரி இளைஞர், நிறத்தின் காரணமாக மேரிலாந்து சட்டக் கல்லூரியில் சேர்க்கப்படவில்லை என்ற வழக்கு அவரிடம் வந்தது. ஆசிரியர் ஹூஸ்டனும் மாணவர் மார்ஷலும் சேர்ந்து வாதாடினார்கள். 1935இல் பால்டிமோர் நீதிமன்றத்திலும் 1936இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் வென்றார்கள். தமக்கு மூடியிருந்த கதவை அவர் இன்னொருவருக்காகத் திறந்துவைத்தார். அவர் அந்தக் கல்லூரியில் படிக்கவே இல்லை.

தெற்கே சென்ற பயணங்கள்

1936இல் அவர் நியூயார்க்கில் இருந்த, கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தில் வழக்கறிஞராகச் சேர்ந்தார். 1940இல் அதன் சட்டப் பாதுகாப்பு நிதியத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அதிலிருந்து இருபது ஆண்டுகள் தென்மாநிலங்களின் சிறு ஊர்களுக்கு ஓயாமல் பயணம் செய்தார். கறுப்பினத்தவர் தங்க விடுதி கிடையாது. உள்ளூர் மக்களின் வீடுகளில் தங்குவார். சில ஊர்களில் பாதுகாப்புக்காக ஒவ்வோர் இரவும் வேறொரு வீட்டுக்கு அவரை மாற்றிவிடுவார்கள்.

அப்படி அவர் போன ஊர்களில் ஒன்று ஓக்லஹோமாவின் ஹியூகோ. 1941 ஜனவரியில் அங்கே லயன்ஸ் என்ற கறுப்பின இளைஞர்மீது கொலை வழக்கு நடந்தது. அவரைப் பலநாள் அடித்து, எரிந்துபோன வீட்டில் இறந்தவர்களின் எலும்புகளை அவர் மடியில் வைத்து, குற்ற ஒப்புதலை வாங்கியிருந்தார்கள். மார்ஷல் அதை நீதிமன்றத்தில் வெளிப்படுத்தினார். லயன்சுக்கு மரண தண்டனை விதிக்கப்படவில்லை. ஆயுள் தண்டனை கிடைத்தது. உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். 1944இல் அங்கே தோற்றார். உச்ச நீதிமன்றத்தில் அவர் வாதாடிய 32 வழக்குகளில் 29இல் வென்றார் என்று வரலாறு கூறுகிறது. தோற்ற மிகச் சிலவற்றில் இதுவும் ஒன்று. இந்த வழக்கை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

1946 நவம்பர் 18ஆம் நாள் டென்னசி மாநிலத்தின் கொலம்பியா ஊரில் ஒரு கலவர வழக்கை முடித்துக்கொண்டு, நண்பர்களோடு காரில் நாஷ்வில் நகருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். காவலர்கள் வழிமறித்தார்கள். குடித்துவிட்டுக் கார் ஓட்டியதாக மார்ஷலை மட்டும் தங்கள் வண்டியில் ஏற்றினார்கள். மற்றவர்களை நாஷ்வில்லுக்குப் போய்விடச் சொன்னார்கள். ஆனால் வண்டி ஊருக்குள் போகாமல் ஆற்றை நோக்கித் திரும்பியது. அந்தப் பாதையின் பொருள் என்ன என்று அந்தப் பகுதிக் கறுப்பின மக்கள் எல்லாருக்கும் தெரியும். நண்பர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பின்தொடர்ந்தார்கள். சாட்சிகள் இருப்பதைக் கண்ட காவலர்கள் வண்டியைத் திருப்பினார்கள். ஊரில் இருந்த வயதான நீதிபதி ஒருவர் மார்ஷலின் மூச்சை முகர்ந்து பார்த்து, இவர் குடிக்கவில்லை என்று விடுதலை செய்தார். பின்தொடர்ந்து வந்த நண்பர்களும் உண்மை பேசிய அந்த நீதிபதியும் இல்லையென்றால் நாம் இன்று இந்த வரலாற்றைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

தனித்தனி ஆனால் சமம்

1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஓர் இரயில் பெட்டி வழக்கில் தீர்ப்பளித்தது. கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் வசதிகள் சமமாக இருந்தால், அவற்றைத் தனித்தனியாக வைப்பது சட்டத்துக்கு முரணல்ல என்பது அதன் சாரம். இதன்பேரில் பள்ளி, பேருந்து, மருத்துவமனை, குடிநீர்க் குழாய், கல்லறை எல்லாம் பிரிக்கப்பட்டன. தனித்தனி என்பது நடந்தது. சமம் என்பது நடக்கவே இல்லை.

மார்ஷல் இந்தச் சுவரை ஒரே நாளில் மோதி உடைக்கப் பார்க்கவில்லை. ஒவ்வொரு கல்லாக எடுத்தார். முதலில் ஆசிரியர்களின் சமச் சம்பளத்துக்காக வழக்காடினார். 1944இல், டெக்சாஸ் மாநிலத்தில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் கறுப்பினத்தவரை ஒதுக்கிய விதியை வீழ்த்தினார். 1948இல், கறுப்பினத்தவருக்கு வீட்டை விற்கக்கூடாது என்ற ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக்கூடாது என்ற தீர்ப்பைப் பெறுவதில் பங்கேற்றார். 1950இல் அவரும் அவருடைய குழுவினரும் பல்கலைக்கழகங்கள் பற்றிய இரு வழக்குகளில் வென்றார்கள். அவற்றில் ஒன்றில், மெக்லாரின் என்ற முதிய ஆசிரியரை ஓக்லஹோமா பல்கலைக்கழகம் மாணவராகச் சேர்த்துக்கொண்டது. ஆனால் வகுப்பறைக்கு அடுத்த ஒரு சிறு அறையில் உட்காரவைத்தது. நூலகத்தில் அவருக்குத் தனி மேசை, உணவகத்திலும் தனி மேசை. உள்ளே அனுமதித்துவிட்டு ஒதுக்கி வைப்பதும் ஒதுக்குதலே என்று உச்ச நீதிமன்றம் கூறியது.

அதன்பின்தான் அவர் சுவரின் அடித்தளத்துக்கு வந்தார். கான்சஸ், தென் கரோலினா, வர்ஜீனியா, டெலவேர், தலைநகர் வாஷிங்டன் ஆகிய ஐந்து இடங்களின் பள்ளி வழக்குகள் ஒன்றாகச் சேர்ந்தன. தென் கரோலினாவின் கிளாரண்டன் வட்டாரத்தில் ஏழைப் பெற்றோர் முதலில் கேட்டது ஒரு பள்ளிப் பேருந்து மட்டுமே. அதற்காக மனுவில் கையெழுத்திட்டவர்கள் வேலை இழந்தார்கள். மக்களை ஒன்றுசேர்த்த டிலேன் என்ற போதகரின் வீடும் ஆலயமும் தீக்கிரையாயின. வழக்கை நடத்தியது மார்ஷல் என்றாலும், விலை கொடுத்தது பெயர் தெரியாத இந்த ஏழைகள்தாம்.

அந்த வழக்குக்காக உளவியலாளர் கென்னத் கிளார்க் கிளாரண்டன் வட்டாரக் கறுப்பினக் குழந்தைகள் 16 பேரிடம் ஒரு வெள்ளைப் பொம்மையையும் ஒரு கறுப்புப் பொம்மையையும் காட்டினார். நல்ல பொம்மை எது, கெட்ட பொம்மை எது என்று கேட்டார். 11 பேர் கறுப்புப் பொம்மையைக் கெட்டது என்று காட்டினார்கள். ஒரு குழந்தை தன்னையே வெறுக்கக் கற்றுக்கொடுக்கும் ஏற்பாடு எப்படிச் சமமாக இருக்க முடியும் என்பதே மார்ஷலின் வாதம். 1954 மே 17ஆம் நாள் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். அரசுப் பள்ளிகளில் பிள்ளைகளை நிறத்தால் பிரிப்பது சட்டத்துக்கு முரணானது என்று அறிவிக்கப்பட்டது.

தீர்ப்பு வந்த உடனே மனங்கள் மாறிவிடவில்லை. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்டு வட்டாரம், பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைப்பதைவிடப் பள்ளிகளை மூடிவிடுவதே மேல் என்று 1959 முதல் ஐந்து ஆண்டுகள் அரசுப் பள்ளிகளை மூடிவைத்தது.

அக்காலத் திருச்சபை

இந்தப் பாவத்தில் கத்தோலிக்கத் திருச்சபைக்கும் பங்கு இருந்தது என்பதை மறைக்கக்கூடாது. அமெரிக்காவின் பல ஆலயங்களில் கறுப்பினக் கத்தோலிக்கர்கள் பின்வரிசையில் அமர்ந்தார்கள். மற்றவர்கள் எல்லாரும் நற்கருணை வாங்கிய பின்பே அவர்களுக்குக் கிடைத்தது. பிரிவினைப் பள்ளிகளை மறைமாவட்டங்களும் நடத்தின.

ஆனால் துணிந்து நின்ற ஆயர்களும் இருந்தார்கள். செயின்ட் லூயிஸ் பேராயர் ஜோசப் ரிட்டர், உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே, 1947இல், தம் கத்தோலிக்கப் பள்ளிகளில் பிரிவினையை நீக்கினார். எதிர்த்து வழக்குத் தொடுக்கப் புறப்பட்ட பெற்றோரைத் திருச்சபை விலக்கு நேரும் என்று எச்சரித்தார். நியூ ஓர்லியன்ஸ் பேராயர் ஜோசப் ரம்மல் 1962இல் தம் பள்ளிகளில் அதையே செய்தார். பிடிவாதமாக எதிர்த்த மூவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார்.

அரசின் பக்கம்

1961இல் குடியரசுத் தலைவர் கென்னடி மார்ஷலைக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிபதியாக நியமித்தார். தென்மாநில மேலவை உறுப்பினர்களின் எதிர்ப்பால் அதை உறுதிசெய்ய ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. அது ஆயுட்காலப் பதவி. குடியரசுத் தலைவர் நினைத்தாலும் நீக்க முடியாது.

1965இல் குடியரசுத் தலைவர் ஜான்சன் அவரைத் தொலைபேசியில் அழைத்து, சொலிசிட்டர் ஜெனரல் பதவியை ஏற்கக் கேட்டார். உச்ச நீதிமன்றத்தில் மத்திய அரசுக்காக வாதாடும் தலைமை வழக்கறிஞர் இவரே. சம்பளம் நீதிபதிப் பதவியைவிடக் குறைவு. குடியரசுத் தலைவர் நினைத்தால் அடுத்த நாளே நீக்கிவிடலாம். மார்ஷல் இதையெல்லாம் அறிந்தே ஏற்றுக்கொண்டார். நாட்டின் பெயரால் பேச எழும் வழக்கறிஞர் ஒரு கறுப்பினத்தவர் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பது ஜான்சனின் எண்ணம். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் மார்ஷல்தான்.

அவர் அங்கே போய் என்ன செய்தார் என்பதுதான் நம் கேள்வி. 1964இல் மிசிசிப்பியில் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக உழைத்த மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். கொலையில் தொடர்புடையவர்கள்மீதான முக்கியக் குற்றச்சாட்டுகளைக் கீழ்நீதிமன்றம் தள்ளிவிட்டது. மார்ஷல் அரசுக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடி அவற்றை 1966இல் மீட்டுக்கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு ஏழு பேர் தண்டிக்கப்பட்டார்கள். வாக்களிக்க வரி கட்ட வேண்டும் என்று வர்ஜீனியாவில் இருந்த விதி வீழ்ந்த வழக்கிலும் அவர் அரசின் சார்பில் வாதாடினார். இருபது ஆண்டுகள் ஏழைகளின் பக்கத்திலிருந்து கேட்டதை, இப்போது நாட்டின் குரலாக நின்று கேட்டார்.

எல்லா நாளும் அப்படி இருக்கவில்லை. காவல் விசாரணையில் கைதிகளின் உரிமை பற்றிய புகழ்பெற்ற மிராண்டா வழக்கோடு சேர்த்து 1966இல் விசாரிக்கப்பட்ட ஒரு வழக்கில், கைதி கொடுத்த ஒப்புதல் செல்லும் என்று அரசுக்காக அவர் வாதிட வேண்டியிருந்தது. ஹியூகோவில் அடித்து வாங்கிய ஒப்புதலை எதிர்த்து நின்ற அதே மனிதர்! இரு வழக்குகளும் ஒன்றல்ல. இந்தக் கைதியை யாரும் அடித்ததாகக் குற்றச்சாட்டு இல்லை. என்றாலும் மார்ஷலின் மனநிலையை நாம் ஊகிக்கலாம். அரசின் வேலையை ஏற்றவர் தமக்குப் பிடித்த வழக்குகளை மட்டும் பொறுக்கிக்கொள்ள முடியாது. அந்த வழக்கில் அரசு தோற்றது. கைதிகளின் உரிமை வென்றது.

அவர் அரசுப் பதவியில் இருந்தபோது நடந்த இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. வரி ஏய்ப்புக்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரின் மேல்முறையீட்டை ஏற்க 1966 மே மாதத் தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அரசு வென்றுவிட்டது, வழக்கு ஏறத்தாழ முடிந்துவிட்டது. அதே மாதம் 24ஆம் நாள் மார்ஷல் தாமாகவே நீதிமன்றத்துக்கு ஒரு செய்தியைத் தெரிவித்தார். கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையினர் 1963இல் அந்த மனிதரின் விடுதி அறையில் ஒட்டுக்கேட்கும் கருவி வைத்திருந்தார்கள் என்பதும், தம் வழக்கறிஞரோடு அவர் பேசியதும் அதில் கேட்கப்பட்டது என்பதுமே அந்தச் செய்தி. யாரும் அவரைக் கேட்கவில்லை. சொன்னதால் அரசுக்கு நட்டம். அதிகாரம் மிக்க ஒரு துறைக்கு அவமானம். காப்பாற்றப்பட்டவர் ஏழையும் அல்லர், அவருடைய இனத்தவரும் அல்லர். உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை நீக்கி, புதிதாக விசாரிக்கச் சொன்னது.

அன்பார்ந்தவர்களே, நம் கேள்விக்கு இங்கே பதில் கிடைக்கிறது. அரசுப் பதவி ஒருவரை விலைக்கு வாங்கிவிட்டதா இல்லையா என்பதை அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை வைத்துச் சொல்ல முடியாது. தமக்குச் சம்பளம் கொடுப்பவர்களுக்கு எதிரான உண்மை தம் கையில் வரும்போது அவர் என்ன செய்கிறார் என்பதை வைத்தே சொல்ல முடியும். யோசேப்பு பார்வோனிடமும், தானியேல் பாபிலோன் அரசரிடமும், நெகேமியா பாரசீக அரசரிடமும் பணி செய்தார்கள். அரண்மனையில் இருந்ததால் அவர்கள் கடவுளை மறந்துவிடவில்லை. தங்கள் மக்களையும் மறந்துவிடவில்லை.

நீதிபதியாக

1967இல் ஜான்சன் அவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக நியமித்தார். மேலவையில் 69 பேர் ஆதரித்தார்கள். 11 பேர் எதிர்த்தார்கள். அந்த நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவரே. 1991இல் உடல்நலம் குன்றி ஓய்வு பெறும்வரை அங்கே இருந்தார்.

மரண தண்டனை எந்த வழக்கிலும் ஏற்கத்தக்கதல்ல என்று அவர் உறுதியாக நின்றார். அவரோடு அந்த நிலையில் இறுதிவரை நின்றவர் கத்தோலிக்கரான நீதிபதி வில்லியம் பிரெனன். தூக்குமேடையின் நிழலில் வாழ்ந்தவர்களைத் தென்மாநிலங்களில் நேரில் கண்டவர் மார்ஷல். பணமில்லாதவருக்கே அந்தத் தண்டனை அதிகம் கிடைக்கிறது என்பது அவருடைய அனுபவம். 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ், மரண தண்டனை ஏற்றுக்கொள்ள முடியாதது என்று மறைக்கல்வி ஏட்டைத் திருத்தியதை நாம் அறிவோம்.

ஆனால் 1973இல் கருக்கலைப்பை உரிமையாக்கிய தீர்ப்பில் மார்ஷலும் பெரும்பான்மையோடு சேர்ந்தார். பிரெனனும் அவ்வாறே செய்தார். இதைத் திருச்சபை ஏற்க முடியாது, நாமும் ஏற்பதில்லை. பேச முடியாத எத்தனையோ பேருக்காகப் பேசியவர், தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தையின் சார்பில் பேசவில்லை. ஒருவரைப் போற்றும்போது அவரிடம் நாம் ஏற்காததையும் சொல்வதே நேர்மை. அவர் எபிஸ்கோப்பல் சபையைச் சேர்ந்தவர். அச்சபை மே 17ஆம் நாளில் அவரை நினைவுகூர்கிறது. நாம் அவரைப் புனிதராக முன்வைக்கவில்லை. அவரிடமிருந்து கற்றுக்கொள்ள நமக்கு ஒன்று இருக்கிறது என்று மட்டுமே சொல்கிறோம்.

1993 ஜனவரி 24ஆம் நாள், தமது 84ஆம் வயதில் அவர் இறந்தார். உச்ச நீதிமன்றத்தின் பெரிய மண்டபத்தில் அவருடைய உடல் வைக்கப்பட்டபோது, ஆயிரக்கணக்கான எளிய மக்கள் குளிரில் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினார்கள்.

நமக்கான சிந்தனை

மார்ஷலின் வழக்கை வாசிக்கும்போது அது அமெரிக்காவின் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 2016இல் இந்திய கத்தோலிக்க ஆயர் பேரவை வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, நம் திருச்சபைக்குள்ளேயே தீண்டாமை இருக்கிறது என்பதை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டது. ஒரே திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு இரண்டு கல்லறைத் தோட்டங்கள், ஒரு தெருவுக்குள் நுழையாத தேர்பவனி, ஒரு குடும்பத்துக்கு மட்டும் கிடைக்காத திருவிழாப் பொறுப்பு ஆகியவற்றை நாம் அறிவோம். கேட்டால், அவர்களுக்கும் தனியாக இருக்கிறதே என்று பதில் வரும். தனித்தனி ஆனால் சமம் என்ற பழைய வாதம்தான் அது. கிறிஸ்து தம் உடலால் இடித்துப்போட்ட பிரிவினைச் சுவரைப் பற்றித் தூய பவுல் எழுதுகிறார் (எபே 2:14). அந்தச் சுவரை மறுபடி கட்டுகிறவர்கள் யாருக்கு எதிராகக் கட்டுகிறோம் என்று எண்ணிப்பார்க்க வேண்டும்.

நம் பங்குகளிலிருந்து வழக்கறிஞர்கள், அரசு அலுவலர்கள், காவலர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள் பலர் உருவாகியிருக்கிறார்கள். அவர்களைப் படிக்கவைக்கத் தாய்மார்கள் நகையை அடகு வைத்திருக்கிறார்கள். பதவி கிடைத்தபின் அவர்கள் யாருடைய கோப்பை முதலில் எடுக்கிறார்கள்? தங்கள் அலுவலகமே தவறு செய்திருப்பது தெரிந்தால் வாய் திறக்கிறார்களா? அவர்கள் திறக்கும்போது, கொலம்பியாவில் பின்தொடர்ந்து வந்த நண்பர்களைப்போல் நாம் அவர்கள் பின்னால் போகிறோமா, அல்லது நமக்கேன் வம்பு என்று நாஷ்வில்லுக்குப் போய்விடுகிறோமா?

இந்த வாரம் குடும்பச் செபத்தில் நீதிமொழிகள் நூலின் 31ஆம் அதிகாரத்தில் 8, 9 வசனங்களை வாசித்து, சற்று நேரம் அமைதியாகச் சிந்திப்போம்.

செபம்: நீதியின் ஊற்றாகிய இறைவா, பேச முடியாதவர்களுக்காகப் பேசும் நாவை எங்களுக்குத் தாரும். அதிகாரத்தில் இருக்கும் எம் பிள்ளைகள் உண்மையை மறைக்காதிருக்கச் செய்யும். உமது இல்லத்தில் எவருக்கும் பின்வரிசை இல்லாத நாளை எங்கள் பங்கிலும் விரைவில் கொண்டுவாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக, ஆமென்.